ஒன்பதாம் நிமிடம்

பள்ளிக்கூட லீவு விட்டால்
ஃபோன் திருத்துகிற வேலை எனக்குக் குறைவு.
நிந்தவூர்ப் பிரதான வீதியில், என் கடை வாசலில்
பென்டிரைவோடு வந்து நிற்பார்கள் உம்மாமார்.
"பறக்கிற படம் போட்டுத் தாங்க தம்பி,
சின்னப் புள்ளையள் பாக்கிற."
மறுகா குரலைத் தாழ்த்தி,
"முத்தம் கித்தம் இருக்கா?"

இஷா தொழுதுவிட்டு வந்து ஷட்டரைப் பாதி இறக்கி
ஒன்றரை மடங்கு வேகத்தில் எல்லாவற்றையும் பார்ப்பேன்.
சி.ஆர். கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்,
இடது பக்கம் படம், வலது பக்கம் நிமிடம்.
எழுபத்திரண்டாம் நிமிடம், மழைக்குள், நான்கு நொடி: வெட்டினேன்.
கடற்கரை, உடுப்புக் காணாது: வெட்டினேன்.
ஒரு கெட்ட வார்த்தை, ஆங்கிலம்தான், என்றாலும் ஊமையாக்கினேன்.
இருபது நிமிடம் ஒரு நகரம் இடிந்து விழுகிறது,
பாலம் முறிகிறது,
பஸ் ஒன்று ஆட்களோடு ஆற்றுக்குள் போகிறது.
அதற்கு நேரே கொப்பியில் ஒன்றுமில்லை.
யாரும் கேட்கவில்லை.
நானும் அந்த இடத்தில்தான் பிளேன்டீ குடிப்பேன்.

போஸ்டரில் ஏழு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும்.
ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்
பிள்ளைக்குள் என்ன முளைக்கிறது என்று எனக்குத் தெரியாது.
றுஸ்னிக்கு ஆறரை.

அவனுடைய உம்மா ஜெசீமா மறுநாள் வந்தா.
சத்தம் போடவில்லை.
பென்டிரைவைக் கண்ணாடிக்கு மேல் வைத்துவிட்டு
"ஒன்பதாம் நிமிசத்தப் பாத்தீங்களா காக்கா?" என்றா.

பார்த்தேன், சாதாரண வேகத்தில்.
சிவப்புக் கவசக்காரன் அப்போது சின்னப் பொடியன்.
அவனுடைய தகப்பன் கட்டட உச்சியில்
ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்.
கை விடுகிறது.
இரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை.
தொப்பி மட்டும் மெதுவாகக் கீழே வருகிறது.

றுஸ்னியின் வாப்பா டோஹாவில் சாரம் கட்டுகிறவர்.
முப்பத்தோராம் மாடி என்று பெருமையாகப் படம் அனுப்பியிருந்தார்,
மஞ்சள் தொப்பியோடு.
அன்றிரவு வீடியோ கோலில் பிள்ளை வேறொன்றும் கதைக்கவில்லையாம்.
"கீழ இறங்குங்க வாப்பா."
அவர் அறையில்தான் இருந்தார், கட்டிலில்,
அதுவும் கீழ்த்தட்டுக் கட்டில்.
காலைக் காட்டினாராம், தரையைக் காட்டினாராம்.
"இன்னும் கீழ."

அந்தக் கிழமை நான் வேறு கணக்கு எடுத்தேன்.
நாற்பத்து மூன்று படம்.
தகப்பன் சாகிறது பத்தொன்பது. தாய், ஆறு.
இருவரும் ஒரே காரில், ஐந்து.
ஊரே எரிந்து தனித்துப் போனது நாலு.
மிச்சத்தில் பெற்றவர்கள் யார் என்றே சொல்லவில்லை,
ஒன்றைத் தவிர:
பறக்கிற தவளை. அதன் தகப்பன் படம் முழுக்க
தண்ணீர் மோட்டார் ஒன்றைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்.
அதைக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை றுஸ்னியே வந்தான்,
உம்மாவின் ஷோலை முதுகில் குத்திக்கொண்டு.
"தவள சரியில்ல மாமா, சண்டையே புடிக்குதில்ல.
மத்தத்தத் தாங்க,
அந்தாள் உழுறத மட்டும் வெட்டிப் போட்டு."

வெட்டினேன்,
பின்னால் வரும் கல்லறையோடு சேர்த்து இரண்டு நிமிடம்.
இப்போது அந்தத் தகப்பன் விழுவதில்லை.
எட்டாம் நிமிடத்தில் கதவைத் திறந்து வெளியே போகிறார்,
பிறகு படத்தில் இல்லை.
மகன் ஏன் இத்தனை கோபத்தோடு வளர்ந்தான் என்று
பார்க்கிறவர்களுக்கு விளங்காதே என்றுதான் யோசித்தேன்.

ரீலோட் போட வந்தபோது ஜெசீமா சொன்னா.
தங்கச்சிக்காரி கேட்டாளாம்,
"அவர்ர வாப்பா எங்க போன?"
றுஸ்னி திரையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னானாம்:
"வேலைக்கு.
படம் முடியிறத்துக்குள்ள லீவு கிடைக்கல்ல."